ரிசர்வ் வங்கியைப் பார்க்கப் போன எங்கள் குழு: பாலக்கோட்டிலிருந்து மும்பை கோட்டைப் பகுதி வரை

மும்பைக்குப் போய் ரிசர்வ் வங்கியைப் பார்த்து வரலாமா என்று எங்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பில் பேச்சு எழுந்தபோது, பாதிப் பேர் திருப்பதிக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். மீதிப் பேர் கேட்டது ஒன்றே ஒன்று: "நோட்டு அடிக்கிறதைக் காட்டுவாங்களாக்கா?"

காட்ட மாட்டார்கள். குழுவாகக் கூட்டிப் போக நினைக்கிறவர்கள் இதை முதல் கூட்டத்திலேயே உடைத்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் போய் முகம் சுண்டித் திரும்ப வேண்டியிருக்கும். நோட்டு அச்சாவது நான்கு ஊர்களில். நாசிக், தேவாஸ் அச்சகங்கள் மத்திய அரசின் நிறுவனத்தைச் சேர்ந்தவை. மைசூரு அச்சகத்தையும் மேற்கு வங்காளத்தில் சால்போனியில் உள்ள அச்சகத்தையும் ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் நடத்துகிறது. நமக்கு மைசூருதான் கிட்டே, ஆனால் அதெல்லாம் சுற்றுலா போகிற இடம் இல்லை. தங்கம் இருக்கும் பெட்டகமும் அப்படித்தான். மும்பையில் நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்திருப்பது கோட்டைப் பகுதியில் இருக்கும் ரிசர்வ் வங்கியின் நாணய அருங்காட்சியகம். 2004 நவம்பர் 18 அன்று, குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் திறந்து வைத்தது.

நான் பாலக்கோடு பக்கத்தில் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பெண்கள் ஏன் திருப்பதியை விட்டுவிட்டு ஒரு வங்கியைப் பார்க்கப் போக வேண்டும் என்று வீடுகளில் கேட்டார்கள். அதற்கு ஒரு காரணம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முதன்முதலில் தொடங்கியது 1989-ல், அப்போதைய தர்மபுரி மாவட்டத்தில், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி அன்று நம்மோடுதான் இருந்தது, பிரிந்தது 2004-ல். குழுக்களுக்கு வங்கிகள் நேரடியாகக் கடன் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது 1991-ல். அடுத்த வருடம் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் இலக்கோடு, வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு அதைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. ஆக, எங்கள் பாஸ் புத்தகத்துக்கும் மும்பைக்கும் முப்பது வருடத்துக்கு மேலான உறவு. நாங்கள்தான் போய்ப் பார்த்ததில்லை.

போவதற்கு முந்தைய மாதக் கூட்டத்தில் செய்த ஒரு வேலை, பிற்பாடு எல்லாவற்றையும் விடப் பயன்பட்டது. ஒவ்வொரு குழுவையும் முன்னின்று நடத்தும் ஊக்குநர் பணம் சம்பந்தமாக ஒரு கேள்வி கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். அருங்காட்சியகம் பற்றிய கேள்வி வேண்டாம், வீட்டில், கடையில், வங்கியில் மாட்டிக்கொண்டு முழிக்கிற விஷயமாக இருக்க வேண்டும் என்றோம். கரையான் அரித்த நோட்டு, பத்து ரூபாய் நாணயம், நம்பருக்கு நடுவில் நட்சத்திரம் போட்ட நோட்டு, தக்காளி விலை, அப்புறம் குழுக் கடனுக்காக டெபாசிட் கேட்கும் வங்கிக் கிளை என்று வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். சும்மா பார்க்கப் போனால் கண்ணாடிப் பெட்டிகள் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கையில் கேள்வி இருந்தால் ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நிற்கக் காரணம் கிடைக்கும்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கோயம்புத்தூரிலிருந்து கிளம்பும் குர்லா எக்ஸ்பிரஸ் தர்மபுரி, ஓசூர் வழியாகப் போவதால் வண்டி மாற வேண்டியதில்லை. புளிச்சோறும் நிப்பட்டும் கடலை உருண்டையும் தாராளமாக இருந்தன. லோக்மான்ய திலக் முனையத்தில் இறங்கினால் பக்கத்தில் திலக் நகர் நிலையம், அங்கிருந்து ஹார்பர் லைன் லோக்கல் ரயில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் (சி.எஸ்.எம்.டி.) வரை போகும். ஆனால் மூட்டை முடிச்சோடு, வயதானவர்களையும் வைத்துக்கொண்டு காலை நெரிசலில் லோக்கல் ஏற நினைக்காதீர்கள். நாங்கள் மாட்டுங்காவில் தங்கினோம். இட்லியும் காபியும் நம்மூர் ருசியில் கிடைத்ததால் "சோறு இல்லாம செத்துடுவோம்" என்ற பயம் முதல் நாளே போய்விட்டது.

முகவரியில் கவனம் வேண்டும். டாக்ஸியில் ஏறி "ரிசர்வ் பேங்க்" என்றால், ஷாகித் பகத் சிங் சாலையில் வெள்ளையாக ஓங்கி நிற்கும் தலைமை அலுவலகக் கட்டடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கே உள்ளே போக முடியாது. அருங்காட்சியகம் சர் பி.எம். சாலையில் அமர் கட்டடம் என்ற இடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது. சி.எஸ்.எம்.டி.யிலிருந்து நடந்தே போய்விடலாம். திங்கட்கிழமையும் வங்கி விடுமுறை நாட்களும் கிடையாது. மற்ற நாட்களில் காலை 10.45 முதல் மாலை 5.15 வரை என்பது வழக்கமான நேரம், கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். குழுவாகப் போவதென்றால் முன்கூட்டியே கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, எத்தனை பேர், எந்த மொழி என்று சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் அப்படிச் செய்ததால்தான் கூடவே வந்து விளக்க ஓர் ஊழியர் கிடைத்தார். ஆதார் அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும். பைகளை வாசலிலேயே வைக்கச் சொன்னார்கள், உள்ளே படம் எடுக்க விடவில்லை. போட்டோ இல்லையென்றால் வந்ததற்கு என்ன சாட்சி என்று ஒரு பிரதிநிதி கடைசி வரை முனகிக்கொண்டே இருந்தார். வெளியே பெயர்ப் பலகை முன் நின்று குழுப் படம் எடுத்த பிறகுதான் அடங்கினார்.

விளக்கம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. எங்கள் கூட்டத்தில் ஓசூர்ப் பக்கத்துச் சம்பந்தம் உள்ள இரண்டு பேருக்குக் கன்னடமும் கொஞ்சம் இந்தியும் வரும், எனக்கு ஆங்கிலம் சமாளிக்கிற அளவுக்கு. ஒருவர் மட்டும் மொழிபெயர்த்தால் முன்வரிசைக்குத்தான் கேட்கும். அதனால் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பக்கம் சொன்னோம். அந்த ஊழியர் நல்ல பெண். ஒவ்வொரு பெட்டி முன்னாலும் பேசிவிட்டு நாங்கள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். இப்படிக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்வதில் தப்பில்லை, அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

முதல் பகுதி பழங்காசுகள். முத்திரை குத்திய வெள்ளித் துண்டுகளில் ஆரம்பித்து குஷாணர், குப்தர், சோழர், விஜயநகரம், முகலாயர் என்று போகிறது. உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் இங்கே வேகமாக நடந்துவிட்டார்கள். நின்ற இடங்கள் இரண்டு. ஒன்று, தென்னாட்டில் புழங்கிய, 'பணம்' என்ற பெயர் கொண்ட பொடிப் பொற்காசுகள். அத்தனை சின்னதை எப்படித் தொலைக்காமல் வைத்திருந்தார்கள் என்று மூக்குத்தி போட்ட பாட்டிகள் எல்லாம் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். இன்னொன்று திப்பு சுல்தானின் யானை போட்ட செப்புக் காசு. பாரமகால் என்று அழைக்கப்பட்ட நம் பகுதி 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போகும் வரை மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. "இந்த மாதிரி யானைக் காசு எங்க மாமியார் பெட்டியில இருந்துச்சு, பித்தளைக்காரன்கிட்ட எடைக்குப் போட்டுட்டோம்" என்று ஓர் அக்கா சொன்னதும் எல்லோரும் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

காகித நோட்டுப் பகுதிக்கு வந்த பிறகுதான் கூட்டம் நெருங்கி நின்றது. முதல் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்ததால் 1917-ல் ஒரு ரூபாய் நோட்டும், 1918 தொடக்கத்தில் இரண்டரை ரூபாய் நோட்டும் அடித்திருக்கிறார்கள். இரண்டரை ரூபாய் என்றதும் எல்லோருக்கும் சிரிப்பு. பதினாறு அணாக் கணக்கு இருந்த காலத்தில் அது இரண்டு ரூபாய் எட்டணா, கணக்குப் போடக் கஷ்டமே இல்லை என்று வயதான ஓர் அம்மா விளக்கினார். நயா பைசா வந்தது 1957-ல். பித்தளை நிறத்தில் தாமரை போட்ட இருபது பைசாவை அவர் உண்டியலில் சேர்த்து வைத்ததையும் சொன்னார். அங்கிருந்த விளக்க அட்டைகளை விட அவர் சொன்னது எங்களுக்கு நன்றாக ஏறியது.

ரிசர்வ் வங்கி தொடங்கியது 1935 ஏப்ரல் 1. அரசு வங்கியாகத் தொடங்கவில்லை என்பது எனக்கே புதுச் செய்தி. நூறு ரூபாய்ப் பங்குகளாகத் தனியாரிடம் ஐந்து கோடி ரூபாய் மூலதனம் திரட்டித் தொடங்கி, 1949 ஜனவரி 1 அன்றுதான் அரசுடைமை ஆகியிருக்கிறது. முதலில் கல்கத்தாவில் இருந்த தலைமை அலுவலகம் 1937-ல் பம்பாய்க்கு வந்தது. முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித் ஒரு நோட்டில் கூடக் கையெழுத்துப் போடவில்லை. ரிசர்வ் வங்கி தன் பெயரில் வெளியிட்ட முதல் நோட்டு 1938 ஜனவரியில் வந்த ஐந்து ரூபாய், அதில் இருப்பது இரண்டாவது கவர்னர் ஜேம்ஸ் டெய்லரின் கையெழுத்து. இன்றைக்கும் ஒரு ரூபாய் நோட்டை மட்டும் மத்திய அரசு வெளியிடுகிறது, நிதித் துறைச் செயலர் கையெழுத்துப் போடுகிறார். நாணயங்களும் அரசின் பொறுப்பு. புழக்கத்துக்கு விடுவதுதான் ரிசர்வ் வங்கியின் வேலை.

நோட்டில் கவர்னர் இத்தனை ரூபாய் தருவதாக உறுதி கூறுகிறாரே, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன தருவார் என்று ஒரு பிரதிநிதி கேட்டார். ஊழியர் சிரித்துக்கொண்டே, அதே மதிப்புக்கு வேறு நோட்டோ சில்லறையோ தருவார்கள் என்றார். "அதுக்கு எங்க மளிகைக் கடைக்காரரே போதுமே" என்றார் இவர். அப்புறம்தான் ஊழியர் விளக்கினார். அந்த வரி, நோட்டு வங்கியின் கடன் பொறுப்பு என்பதைச் சொல்கிறது. அதற்குப் பின்னால் குறைந்தபட்சம் 200 கோடி ரூபாய்க்குத் தங்கமும் வெளிநாட்டுச் சொத்துகளும் வைத்திருக்க வேண்டும், அதில் 115 கோடி தங்கமாகவே இருக்க வேண்டும் என்பது 1957 முதல் உள்ள விதி.

தங்கம் என்ற பேச்சு வந்ததும் 1991-க்குப் போனோம். அந்த வருடம் அன்னியச் செலாவணி வற்றிப்போய், ரிசர்வ் வங்கி தன் தங்கத்தில் 46.91 டன்னை வெளிநாட்டுக்கு அனுப்பி, இங்கிலாந்து வங்கி, ஜப்பான் வங்கி இரண்டிடமும் ஏறக்குறைய 40 கோடி டாலர் கடன் வாங்கியது. அப்போது கவர்னர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். அந்த வருட முடிவுக்குள் கடனை அடைத்துவிட்டார்கள். இதை நான் தமிழில் சொன்னபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. விதைப்புக்கு முன்னால் தாலிக்கொடியை அடகு வைத்து அறுவடைக்குப் பிறகு திருப்புகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. "திருப்பிட்டாங்கல்ல, அது போதும்" என்றார் ஒருவர். 2009-ல் பன்னாட்டு நாணய நிதியத்திடமிருந்து 200 டன் தங்கம் வாங்கியதைச் சொன்னபோது கைதட்டலே எழுந்தது. பொருளாதாரப் பாடம் நடத்துகிறவர்கள் இந்தத் தங்கக் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்பது என் கருத்து.

நோட்டைச் சோதிக்கும் பகுதியில் அதிக நேரம் செலவழித்தோம், அதை வீணென்று சொல்ல மாட்டேன். எங்களில் பலர் கடை நடத்துகிறார்கள், சந்தையில் விற்கிறார்கள். இருட்டு விலகாத நேரத்தில் தக்காளி மண்டியில் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் கை மாறும். அவசரத்தில் என்ன பார்ப்பது? கலர் மாறும் இழை ஒன்று: தாளைச் சாய்த்தால் பச்சை நீலமாகும். வரிசை எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போகும். இரண்டு ஓரத்திலும் தடவினால் மேடாகத் தெரியும் சாய்ந்த கோடுகள், 500-ல் ஐந்து, 100-ல் நான்கு. எங்களோடு வந்தவர்களில் ஒருவருக்குக் கண்புரை முற்றிப் பார்வை மங்கிவிட்டது. தன் சுருக்குப் பையிலிருந்து ஒரு 500-ஐயும் ஒரு 100-ஐயும் எடுத்து, ஓரத்தைக் கட்டை விரலால் வருடி வருடி, எது எது என்று சரியாகச் சொன்னார். இத்தனை வருடம் அந்தக் கோடுகளைப் பார்த்தும் எதற்கென்று தெரியாது, எல்லோரும் தங்கள் தாளை எடுத்துத் தடவ ஆரம்பித்துவிட்டோம். பார்வையற்றவர்களுக்காக 2020-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட 'மணி' என்ற செயலியும் இருக்கிறது, செல்போன் கேமரா முன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும்.

கள்ள நோட்டு பற்றி ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு, வங்கியில் கொடுத்தால் போலீஸ் வந்துவிடும் என்று. ஒரே தடவையில் நான்கு தாள் வரை கள்ள நோட்டு வந்தால் வங்கி அதை எடுத்து வைத்துக்கொண்டு ரசீது தரும், மாத முடிவில் மொத்தமாகப் போலீசுக்கு அறிக்கை போகும். ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் உடனே வழக்கு. எப்படியானாலும் பணம் திரும்ப வராது. தெரியாமல் வாங்கிய ஒரு தாளைத் தெரிந்தே இன்னொருவர் தலையில் கட்டுவதுதான் குற்றம்.

நட்சத்திர நோட்டு பற்றிய கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் வந்தது. அச்சில் பழுதான தாளுக்குப் பதிலாக வைக்கும் தாளில் அந்த நட்சத்திரம் இருக்கும், அது நல்ல நோட்டு. 2023-ல் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியும் அதே ரகம். பதினான்கு வடிவங்களில் வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும் என்று 2018-லேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நம் ஊர்ப் பக்கம் கடையில் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். 2022-ல் அரூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் பத்து ரூபாய் நாணயங்களாகவே சேர்த்து 6 லட்சம் ரூபாய்க்குச் சேலத்தில் கார் வாங்கியது செய்தியானது இதனால்தான். எங்கள் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை வைத்திருப்பவர் ஊர் திரும்பியதும் கடை முன் அட்டை எழுதி மாட்டிவிட்டார்: "பத்து ரூபாய்க் காசு வாங்கப்படும்." இப்போது ஊரில் உள்ள காசெல்லாம் அவரிடம்தான் போய்ச் சேருகிறது, வங்கியில் கொண்டுபோய்க் கட்டுவது அவர் மகனுக்கு வேலையாகிவிட்டது. ஆயிரம் ரூபாய் வரை நாணயமாகக் கொடுத்தால் வாங்க மறுக்கக் கூடாது என்பது நாணயச் சட்டம்.

கரையான் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குழு ஒன்றின் உறுப்பினர், மகள் கல்யாணத்துக்காக மண் சுவர் மாடத்தில் துணியில் சுற்றி வைத்திருந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களைக் கரையான் அரித்துவிட்டது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மும்பைக்கே கொண்டுவந்திருந்தார். சில தாள்களில் ஓரம் மட்டும் ரம்பப் பல் மாதிரிப் போயிருந்தது, சிலவற்றில் காந்தி முகத்துக்குக் கீழே பெரிய ஓட்டை. அருங்காட்சியகத்தில் நோட்டு மாற்றித் தர மாட்டார்கள். ஆனால் அங்கே வந்திருந்த ஓர் அதிகாரி மேசை மேல் தாள்களைப் பரப்பி வைத்து விதியைச் சொன்னார். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தாளில், கிழியாத ஒரே பெரிய துண்டு மொத்தப் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம். 40-க்கும் 80-க்கும் இடையில் என்றால் பாதி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. 20 ரூபாய் வரை உள்ள சின்னத் தாளில் பாதிக்கு மேல் இருந்தாலே முழுப் பணம், பாதிப் பணம் என்ற பேச்சே இல்லை. 500 ரூபாய்த் தாள் 15 சென்டிமீட்டர் நீளம், 6.6 சென்டிமீட்டர் அகலம், ஆக 99 சதுர சென்டிமீட்டர். கட்டம் போட்ட காகிதத்தில் வைத்து எண்ணினால் நமக்கே தெரிந்துவிடும்.

இதற்காக மும்பையோ சென்னையோ போக வேண்டியதில்லை, வங்கிக் கிளையிலேயே மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். நம் கணக்கு இல்லாத கிளையானாலும் சரிதான். கருகிப்போனது, தொட்டால் உதிர்வது, பிரிக்க முடியாமல் ஒட்டிப்போனது மட்டும் ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். திரும்பப் பெறப்பட்ட 2000 ரூபாய்த் தாளை மாற்றுவதும் அங்கேதான், தபாலிலும் அனுப்பலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சென்னையை விட பெங்களூரு நிருபதுங்கா சாலை அலுவலகம் பக்கம். ஊர் திரும்பிய அந்த அக்கா, தாள்களைக் கட்டம் போட்ட காகிதத்தில் வைத்து எண்ணி, முழுசு, பாதி, போனது என்று மூன்றாகப் பிரித்துக் கட்டிக்கொண்டு கிளைக்குப் போனார். கவுண்டரில் இருந்தவர் முதலில் "இதெல்லாம் இங்க மாத்த மாட்டோம்மா" என்றுதான் சொல்லியிருக்கிறார். விதியின் பெயரைச் சொன்னதும் மேலாளரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். கல்யாணப் பணத்தில் பெரும்பகுதி மீண்டது.

தக்காளிக் கேள்விக்குத்தான் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. பணவீக்கத்தை 4 சதவீதத்தில், இரண்டு முன்னே பின்னே, வைத்திருப்பது ரிசர்வ் வங்கியின் கடமை என்று ஒரு பலகை சொல்கிறது. 2023 ஜூலையில் அது 7.44 சதவீதத்துக்கு ஏறியதற்கு முக்கியக் காரணம் காய்கறி விலை, அதிலும் தக்காளி என்று ஊழியர் சொன்னார். பாலக்கோட்டுக்காரிகளுக்குச் சட்டென்று பெருமை. அப்புறம் ஒருவர் கேட்டார்: "ஒரு கூடை அம்பது ரூபாய்க்குப் போயி ரோட்டுல கொட்டுனோமே, அப்ப இவங்க கவலைப்பட்டாங்களா?" நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, விலை குறைந்தால் பணவீக்கமும் குறையும், அது கணக்கில் நல்லதாகத்தான் தெரியும் என்றார். நேர்மையான பதில். ஆனால் வாங்குகிறவர் கஷ்டத்துக்கு ஒரு எண் இருக்கிறது, விற்கிறவர் கஷ்டத்துக்கு அந்தப் பலகையில் இடம் இல்லை. அதை அங்கே நின்று வாதாடி ஆகப்போவதில்லை என்று நகர்ந்துவிட்டோம்.

கடைசிக் கேள்வி டெபாசிட். எங்கள் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் குழுக் கடன் வாங்கப் போனால் முதலில் ஒரு தொகையை டெபாசிட் போடச் சொல்வார்கள், அல்லது குழுவின் சேமிப்புக் கணக்கில் ஒரு பகுதியை எடுக்க முடியாமல் ஹோல்டு போட்டு வைப்பார்கள். கடன் வாங்கிய பணத்துக்கும் வட்டி, நம் சொந்தச் சேமிப்பையும் உறுப்பினர்களுக்குள் உள்கடனாக விட முடியாது. இது எங்களுக்கு இத்தனை நாளும் வங்கி வழக்கம் என்றுதான் தெரியும். அதிகாரி தன் துறை அதுவல்ல என்று சொல்லிவிட்டார், ஆனால் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் சுய உதவிக் குழுக்களுக்கான சுற்றறிக்கையைத் தேடிப் பாருங்கள் என்று சொன்னார். அன்று இரவே மாட்டுங்காவில் செல்போனில் தேடி எடுத்தேன். 10 லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கை முடக்கக் கூடாது, டெபாசிட் வற்புறுத்தக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. 2021-ல் ஈடு இல்லாத கடன் வரம்பை 20 லட்சம் வரை உயர்த்தியும் இருக்கிறார்கள். அறையில் எல்லோரையும் உட்கார வைத்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அருங்காட்சியகத்தில் பார்த்த எந்தப் பொற்காசுக்கும் அப்படி ஓர் அமைதி வரவில்லை.

ஊருக்கு வந்ததும் அந்தப் பத்தியை அச்செடுத்து, தமிழில் எழுதியதையும் பின்னால் இணைத்து, தீர்மானம் போட்டு, குழுவின் சீலோடு கிளையில் கொடுத்தோம். கொடுக்கும்போது நம் நகலில் தேதியும் முத்திரையும் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், நம் மொழியில் விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. முதலில் வங்கியிடமே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை, அதற்குத்தான் அந்த முத்திரை.

ஒரு குழுவுக்கு ஹோல்டை எடுத்துவிட்டார்கள். "மேல கேட்டுச் சொல்றோம்" என்று இரண்டாவது குழுவுக்கு வாய்வார்த்தையில் பதில் வந்தது. அது பதிலாகாது என்று நான் திரும்பவும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குழுவின் ஊக்குநர், நகலைப் பாஸ் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, காலண்டரில் முப்பதாவது நாளை வட்டம் போட்டு வைத்திருக்கிறார். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.